காடி: ஓர் ஓசை, மூன்று வேர்

சிவகாசிப் பக்கத்து வீடொன்றில் அலமாரி செய்ய வந்த தச்சர், பலகையை நீவிப் பார்த்துவிட்டு, “ரூட்டர வச்சு இதுல காடி எடுத்துருவமா அண்ணாச்சி?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொல்லன்பர்களே, அந்தச் சிறு கேள்வியில் இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கின்றன. கருவியின் பெயர் கடல் கடந்து வந்தது. அந்தக் கருவி மரத்தில் விட்டுச் செல்லும் தடத்தின் பெயரோ நம் மண்ணில் பல காலம் புழங்கியது. இரண்டையும் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

ரூட்டர் என்பதன் அடி, பன்றி தன் மூக்கால் நிலத்தைக் கிளறுவதைக் குறித்த பழைய ஆங்கில வினை. மரத்தைக் குடைந்து செல்லும் அலகைக் கண்ட ஆங்கிலத் தச்சனுக்கு, மண்ணைக் கிளறி முன்னேறும் பன்றி மூக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. இந்தக் காட்சி நமக்கும் புதிதன்று. புறநானூற்றின் 168ஆம் பாட்டில், காந்தளின் கிழங்கு வெளிப்படும்படி மலைச்சாரலைப் பன்றிகள் கிண்டிப்போட, அந்தப் புழுதியிலேயே குறவர் தினை விதைக்கிறார்கள். அங்கே புலவர் பன்றிக்குத் தருகிற வினைகள் இரண்டு: கிண்டுதல், உழுதல். ஆங்கிலம் பன்றியின் வினையைக் கருவிக்கு ஏற்றியது, தமிழோ ஏரின் வினையைப் பன்றிக்கு ஏற்றி வைத்திருந்தது. உழு என்றதும் உளி என்ற சொல் காதில் ஒலிக்கும். இரண்டையும் உடன்பிறந்தார் ஆக்கிவிட மனம் விழையும். ஆனால் ழகரம் வேறு, ளகரம் வேறு. ஓசை நெருங்கியதாலேயே சொற்கள் உறவாகிவிடா.

ஆங்கிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. இணையத்தைப் பகிர்ந்தளிக்க வீட்டுச் சுவரில் தொங்குகிறதே ஒரு பெட்டி, அதையும் நாம் ரூட்டர் என்றே சொல்கிறோம். அந்தப் பெயர் வழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம், ‘உடைத்துத் திறந்த பாதை’ என்று பொருள்பட்ட இலத்தீனச் சொல். பன்றி மூக்கிலிருந்து வந்த பெயரும் பாதையிலிருந்து வந்த பெயரும் தமிழ் நாவில் ஏறியதும் ஒன்றாகிவிட்டன.

இனி நம் காடிக்கு வருவோம். இதுவும் அப்படித்தான்: ஓசை ஒன்று, வேர் மூன்று. முதலாவது புளித்த காடி. கடுத்தல் என்னும் வினையோடு உறவுடைய இது புளித்த கஞ்சியையும் புளிக்காடியையும் குறிக்கும். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கும் உமணர் வண்டியின் முகப்பில் காடிக் கலம் ஒன்று தொங்குகிறது, அதை ஊறுகாய் என்று விளக்குகிறார்கள் உரைகாரர்கள். இரண்டாவது, வண்டி என்று பொருள்படும் காடி. வடக்கிலிருந்து வந்த இச்சொல், மலேசியத் தமிழர் பேச்சில் மகிழுந்தைக் குறித்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உமணர் வண்டியில் காடி இருந்தது. ஆனால் அந்த வண்டியைக் காடி என்று அவர்கள் அழைத்ததில்லை. மூன்றாவதுதான் தச்சரின் காடி.

இந்த மூன்றாம் காடியின் குடும்பம் பெரிது. விருந்துச் சமையலுக்காகக் கொல்லையில் நீளவாக்கில் மண்ணை வெட்டி, மேலே வரிசையாகப் பாத்திரங்களை ஏற்றினால் அது காடியடுப்பு. தொழுவத்தில் மாட்டுக்குத் தீனி போடும் நீண்ட தொட்டி மாட்டுக்காடி. மின்கம்பிக் குழாயைப் பதிக்கச் சுவரில் நீளமாகக் கொத்துகிறாரே மின்பணியாளர், அவரும் காடி வெட்டுவதாகவே சொல்கிறார். மண், தொழுவம், சுவர், மரம் என இடம் மாறினாலும் பொருளின் கரு மாறவில்லை: நீண்டிருக்க வேண்டும், மேல்வாய் திறந்திருக்க வேண்டும், ஒன்றைத் தன்னுள் ஏற்க வேண்டும். குழிக்கு நீளம் வேண்டியதில்லை. துளை மறுபுறம் ஊடுருவலாம். பள்ளம் எதையும் ஏற்காமல் வெறுமனே கிடக்கலாம். காடி வெட்டப்படுவதே வேறொன்று வந்து அமர்வதற்காக. நெடிலாய் நீளும் ‘கா’வும், நாவை மடித்து நிறுத்தும் ‘டி’யுமாக அதன் ஓசைகூட நீண்டு சென்று ஓரிடத்தில் முடிகிறது. இது சான்றாகாது என்றாலும் செவிக்கு இன்பம்.

தெலுங்கிலும் இச்சொல் உண்டு. முதலெழுத்தை மட்டும் அங்கே அதிர்வோடு ஒலிப்பார்கள். அடுப்புக்கும் தொழுவத்துக்கும் வண்டித் தடத்துக்கும் அங்கும் இதுவே பெயர். ஒழுங்கு தவறியதை ‘காடி தப்பியது’ என்று சொல்வது அவர்கள் வழக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ராஜபாளையம் போன்ற ஊர்களைக் கொண்ட சிவகாசியின் கரிசல் மாவட்டத்தில், இச்சொல் இரு வீட்டுக்கும் உரியது.

சிவகாசிக்கோ இது பிழைப்போடு கலந்த பொருள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழிலில், குச்சிகளை அடுக்கும் சட்டம் ஒன்று உண்டு. அதிலுள்ள மரப்பட்டைகளின் குறுக்கே நுண்ணிய வரிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். வரிக்கு ஒரு குச்சி. அந்த இடைவெளி இருப்பதால்தான், சட்டத்தோடு மருந்தில் முக்கும்போது குச்சித் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தச்சர் கண்ணுக்கு அவை அத்தனையும் காடிகளே.

காடியை வெட்டிய கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் உளி. தமிழும் மலையாளமும் கன்னடமும் துளுவும் ளகரத்தோடு சொல்லும் இச்சொல்லைத் தெலுங்கு உலி ஆக்கிக்கொண்டது. பிறகு உளியை ஒரு கட்டைக்குள் பொதிந்து, இழைப்பு என்னும் தொழிற்பெயரைச் சேர்த்து இழைப்புளி என்றார்கள். திருக்குறளின் ‘இயல்புளி’யும் இதே புணர்ச்சியில் ஒலிக்கும், ஆனால் அங்கே இருப்பது மூன்றாம் வேற்றுமைப் பொருள் தரும் இடைச்சொல். ஆங்கில நாட்டில் காடியின் அடியைச் சமன்படுத்திய கைக்கருவிக்குக் ‘கிழவியின் பல்’ என்று பெயர். கட்டையின் நடுவே ஒற்றை அலகு துருத்தி நிற்பதால் அப்படி. அந்தப் பல்லை மின்விசையில் சுழலவிட்டதே இன்றைய ரூட்டர்.

வீட்டுப் பட்டறைக்கு அதை வாங்குபவர், கடையில் அடுக்கியிருக்கும் பெயர்களை விட்டுவிட்டுத் தமக்கு வேண்டிய காடியிலிருந்து தொடங்கினால் தேர்வு எளிது. 18 மி.மீ. பலகையில் 6 மி.மீ. பின்பலகையைச் செருக வேண்டுமா? அகலம் 6 மி.மீ., ஆழம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 6 மி.மீ. இதற்கு 6 மி.மீ. தண்டுள்ள அலகை ஏற்கும், டிரிம்மர் எனப்படும் சிறு பொறியே போதும். கனத்த கதவு, ஆழமான காடி, அகன்ற அலகு என்றால் 12 மி.மீ. தண்டை ஏற்பதும், சுழலும்போதே அலகை மேலிருந்து மரத்துக்குள் இறக்கவல்லதுமான பெரிய பொறி வேண்டும். அலகு அகலமாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும். முழு ஆழத்தையும் ஒரே இழுப்பில் எடுக்காமல் 3 மி.மீ.யாக இரண்டு முறை எடுத்தால் மரம் கருகாது, அலகும் முறியாது. நம்மை நோக்கிய வெளி விளிம்பில் பொறியை இடமிருந்து வலமாக நகர்த்துவதே முறை. அலகின் சுழற்சி அப்போது எதிர்த்து நிற்கும், கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடாது. ஒட்டுப்பலகையின் கனம் எழுதியபடியே இருப்பதில்லை என்பதால், முதற்காடியைக் கழிவுத் துண்டில் வெட்டிச் செருகிப் பாருங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். இந்த மோட்டாரின் கார்பன் துண்டுகள், சுழலும் பாகத்தில் உராய்ந்து தீப்பொறி பறக்கச் செய்பவை. மருந்தோ பட்டாசோ இருக்கும் இடத்தருகே இதை ஓட்டவே கூடாது.

சுழலும் இந்த உளிக்கு நம் பெயர் என்ன? காடிப்பொறி என்று அழைக்கலாம் என்பது என் துணிபு. விளிம்பை வளைப்பதும் ஓரம் சீவுவதும் இதன் வேலைதானே, காடி மட்டுமா என்று கேட்பீர்கள். ஆங்கிலப் பெயரும் கிளறுதல் ஒன்றைத்தான் சொல்கிறது. ஒரு கருவியின் பெயர் அதன் எல்லா வேலைகளையும் சுமக்க வேண்டியதில்லை, தலையாய வேலையைச் சொன்னால் போதும். இழைப்பு என்னும் வேலையை முன்வைத்து உளிக்குப் புதுப்பெயர் கட்டிய மொழி, காடி என்னும் வேலையை முன்வைத்துப் பொறிக்கும் பெயர் கட்டலாம். அதற்கான சொல் தச்சர் வாயில் ஆயத்தமாக இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, அடுத்த முறை அவர் கேட்கும்போது, “ஆமா, காடிப்பொறிய வச்சே எடுத்துருங்க” என்று மறுமொழி சொல்வதுதான்.