'முன்' படத்தில் இருந்தவர்கள்

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அங்கிருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில்தான். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அந்தக் கோயில் வாசலில் எடுத்த படம் ஒன்று அநேகமாக ஆல்பத்தில் இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரை அதே ஊரின் வேறு சில படங்களைப் பற்றியது. கொஞ்ச நாளாக பிட்ஸ்பர்க்கின் பழைய புகைப்படங்களை இணையத்தில் துழாவிக்கொண்டிருக்கிறேன். அப்போது தோன்றியதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஒரு நகரம் புத்துயிர் பெற்றுவிட்டது என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒரே வழிதான். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இடதுபக்கம் 'முன்': அழுக்கு, நெரிசல், இடிந்த சுவர். வலதுபக்கம் 'பின்': புல்வெளி, நீரூற்று, கண்ணாடிக் கட்டடம். பார்த்த மாத்திரத்தில் மனசு முடிவு செய்துவிடும். இந்த வித்தையை பிட்ஸ்பர்க் அளவுக்கு முழுமூச்சாகப் பயன்படுத்திய நகரங்கள் குறைவு.

முதலில் ஊரைப் பற்றி. அலெகேனி, மனோங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாக மாறும் கூடுதுறையில் இருக்கிறது பிட்ஸ்பர்க். இன்றைக்கு மூன்று லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். 1950-ல் மக்கள்தொகை இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது எஃகு ஆலைகளின் காலம். நிலக்கரிப் புகையால் பகலிலேயே தெருவிளக்கு எரிந்த ஊர். இது மிகை இல்லைங்க, படங்கள் இருக்கின்றன. 1940-ஐ ஒட்டி லிபர்ட்டி அவென்யூவில் எடுத்த படங்களைப் பாருங்கள். காலை அலுவலக நேரத்தில் கார்களெல்லாம் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போகின்றன. புகையை ஒழிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்கள் இப்படிப்பட்ட படங்களைக் கண்ணாடிச் சிலைடுகளாக்கித் திரையில் போட்டுக் காட்டினார்கள். 1941-ல் புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நடுவில் போர் வந்துவிட்டதால் 1946-லிருந்துதான் அமலாக்கம். கேமரா ஒரு ஊரின் காற்றைச் சுத்தம் செய்ய உதவியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த இலக்கு ஆற்றங்கரை. ஆறுகள் கூடும் அந்த முனைக்கு 'பாயிண்ட்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் கோட்டை கட்டிச் சண்டை போட்ட இடம். 20-ஆம் நூற்றாண்டில் அது ரயில்வே சரக்கு முற்றமும் கிடங்குகளுமாக இருந்தது. 1936 மார்ச் வெள்ளத்தில் தண்ணீர் அங்கே 46 அடி உயரத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் ஜனநாயகக் கட்சி மேயர் டேவிட் லாரன்ஸும், குடியரசுக் கட்சிக்காரரான கோடீஸ்வரர் ரிச்சர்ட் கிங் மெல்லனும் கைகோத்தார்கள். 1950-ல் பாயிண்டில் இடிப்பு தொடங்கியது. பக்கத்தில் கேட்வே சென்டர் கட்டடங்கள் எழுந்தன. முனையில் 36 ஏக்கர் பூங்கா, கடைசியாக 1974-ல் பெரிய நீரூற்று. இதற்கெல்லாம் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் 'மறுமலர்ச்சி'.

இந்த மறுமலர்ச்சியைப் படமாக்க அதன் ஆதரவாளர்கள் 1950-ல் ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். ராய் ஸ்ட்ரைக்கர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க கிராமங்களைப் படமெடுக்க அரசு அமைத்த குழுவை நடத்தியவர். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார்! இன்றும் அந்தக் கால நெகட்டிவ்களை அச்சிட்டால் ஒருவரின் முகத்திலோ வானத்திலோ கறுப்பாக ஒரு வட்டம் விழும். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று முடிவு செய்பவரின் கைரேகை அது.

ஆனால் ஸ்ட்ரைக்கரை வெறும் விளம்பரக்காரர் என்று ஒதுக்க முடியாது. எஸ்தர் பப்ளி, க்ளைட் ஹேர், ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்று நல்ல கண்கள் உள்ளவர்களைத்தான் அமர்த்தினார். அவர்களில் 22 வயது எலியட் எர்விட்டும் ஒருவர். கட்டடத்தை எடுக்கச் சொன்னால் எர்விட் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தார். சில மாதங்களிலேயே ராணுவ அழைப்பு வந்து கிளம்பிப் போனார். நெகட்டிவ்கள் நூலகத்திலேயே தங்கிவிட்டன. அவை புத்தகமானது 2017-ல். 1955-ல் யூஜின் ஸ்மித் வந்தார். நகரத்தின் இருநூறாம் ஆண்டு மலருக்காக மூன்று வாரத்தில் நூறு படம் கொடுப்பதாகப் பேச்சு. மனிதர் ஊரில் மூழ்கிப்போனார். எடுத்த நெகட்டிவ்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. அதில் ஒன்றில், கோல்வெல் தெருவும் ப்ரைட் தெருவும் சந்திக்கும் இடத்தில், தெருப்பெயர்ப் பலகைக் கம்பத்தில் ஒரு சிறுவன் ஏறித் தொங்குகிறான்.

அந்தச் சிறுவன் தொங்கிய இடத்துக்குத்தான் இனி வர வேண்டும். ஹில் டிஸ்ட்ரிக்ட். நகர மையத்தை ஒட்டிய மேட்டுநிலம். கறுப்பின மக்கள் பெரும்பான்மை, கூடவே யூதர், இத்தாலியர், சிரியர். வைலி அவென்யூவின் ஜாஸ் கிளப்புகளுக்கு நாடு முழுக்கப் பேர். வீடுகளில் பல பழுதானவை என்பதும் உண்மைதான்.

பாயிண்டில் சூத்திரம் பலித்தது. ஏன்? அங்கே இருந்தது பெரும்பாலும் தண்டவாளமும் கிடங்கும். எதிரே வாஷிங்டன் குன்றின் மேல், சுமார் 400 அடி உயரத்தில் நின்று எடுத்தால் 'முன்' படமும் 'பின்' படமும் கச்சிதமாகப் பொருந்தும். அந்த உயரத்திலிருந்து மனித முகம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை. அதே கண்ணால் ஹில்லைப் பார்த்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. பயிரில் விழும் நோய்க்குச் சொல்லும் 'ப்ளைட்' என்ற சொல்லை அதிகாரிகள் அந்தக் குடியிருப்புக்குச் சூட்டினார்கள். நோய் விழுந்த பயிரை யாரும் விசாரிப்பதில்லை, பிடுங்கித்தான் போடுவார்கள்.

1956-ல் கீழ் ஹில்லில் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர். சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 400-க்கு மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. பெத்தேல் என்ற கறுப்பினத் தேவாலயம் 1957-ல் தரைமட்டமானது. கொஞ்ச தூரத்தில் இருந்த எபிபனி கத்தோலிக்கத் தேவாலயம் அப்படியே விடப்பட்டது. 1961-ல் கூரையைத் திறந்து மூடக்கூடிய எஃகுக் குவிமாடத்துடன் பிரமாண்ட அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. 'பின்' படத்துக்கு அதைவிட அழகான காட்சி கிடைக்குமா?

இந்தக் கதையில் என்னை நிறுத்தியவர் இன்னொரு புகைப்படக்காரர். சார்லஸ் 'டீனி' ஹாரிஸ். ஹில்லில் பிறந்து வளர்ந்தவர், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் படக்காரர். பெரும்பாலும் ஒரே 'க்ளிக்'கில் வேலையை முடித்துவிடுவாராம். அதனால் மேயர் லாரன்ஸ் அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர் வைத்தார் என்பார்கள். நாற்பது ஆண்டு வேலையில் அவர் விட்டுச்சென்ற நெகட்டிவ்கள் கிட்டத்தட்ட 80,000.

அவற்றில் என்ன இருக்கிறது? கல்யாணம், பிறந்தநாள், பேஸ்பால் அணி, முடிதிருத்தும் கடை, தேவாலயப் பாடகர் குழு, புதுக் கார் வாங்கியவர், தேர்தல் கூட்டம். இதே தெருக்கள்தான் அரசாங்கக் கோப்பில் 'ப்ளைட்'. ஹாரிஸின் படங்களில் அவை வெறும் தெருக்கள். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஒரு படத்தை 'முன்' என்று நினைத்து எடுக்கும்போதே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. இடிக்கப்போகும் இடமாகப் பார்த்தால் விரிசல் விழுந்த சுவர் தெரியும். வாழும் இடமாகப் பார்த்தால் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஆள் தெரிவார். இரண்டு படமும் பொய்யில்லை. நகராட்சி மேசைக்குப் போய்ச் சேர்ந்தது எந்தப் படம் என்பதுதான் கேள்வி.

1969-ஐ ஒட்டி ஹாரிஸ் எடுத்த ஒரு படம் உண்டு. சென்டர் அவென்யூவும் க்ராஃபோர்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் ஊர்க்காரர்கள் வைத்த பெரிய பலகை. நகரசபையைக் கூப்பிட்டுச் சொல்கிறது: இதைத் தாண்டி மறுமேம்பாடு கூடாது, எங்களுக்குக் குறைந்த வருமான வீடுகள் வேண்டும். இடிப்பு அந்த மூலையோடு நின்றது. ஆனால் போனது திரும்பவில்லை. அந்த அரங்கமும் நிலைக்கவில்லை. 2012-க்குள் அதையும் இடித்து முடித்தார்கள். எட்டாயிரம் பேரை நகர்த்திக் கட்டிய 'பின்' படம் ஐம்பது வருஷத்தில் இன்னொரு 'முன்' படமாகி, வண்டி நிறுத்துமிடமாகிப் போனது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுமலர்ச்சியே தப்பு என்பது என் வாதம் இல்லை. பகலில் விளக்கு எரிந்த காலத்துக்கு யாரும் திரும்பிப் போகமாட்டார்கள். பாயிண்ட் பூங்காவும் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் புகையைத் துரத்தியதும் மனிதர்களைத் துரத்தியதும் ஒரே பெயரில், ஒரே மாதிரிப் படங்களின் துணையோடு நடந்தன. அதைப் பிரித்துப் பார்க்க ஹாரிஸின் படங்கள் தேவைப்படுகின்றன.

ஹாரிஸ் 1998-ல் காலமானார். 2001-ல் கார்னகி கலை அருங்காட்சியகம் அவருடைய நெகட்டிவ்களை வாங்கியது. பெரும்பாலானவற்றில் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பே இல்லை. அருங்காட்சியகம் ஊர்ப் பெரியவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டது. இது எங்க அத்தை, இது எங்க கடை, இந்தப் பையன் நான்தான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அந்த வேலை பல ஆண்டுகள் நடந்தது.

இனி எங்கேயாவது இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஒரு ஊரின் வளர்ச்சியைக் காட்டினால், இடதுபக்கப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. அதில் யாராவது நின்றுகொண்டிருக்கக்கூடும்.