டக்கோட்டாவும் மண்ணெண்ணெய்க் காரும்

உடுப்பிட்டியில் ஐம்பது வயது தாண்டிய ஆரிடமாவது "மண்ணெண்ணெயில கார் ஓடினதாமே?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் போய்விடும். நாங்களும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் அது எப்படி ஓடியது என்று கேட்டதில்லை. பலாலி விமானத்தளத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் சேவை தொடங்கியது. 'சீதா தேவி' என்ற டக்கோட்டா இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 350 கிலோமீற்றர், பெரும்பகுதி கடல்.

டக்கோட்டாவுக்கு இரண்டு பிஸ்ரன் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், 1200 குதிரைவலு. இறக்கைப் பக்கம் நாலு எரிபொருள் தாங்கிகள். எந்த எஞ்சின் எந்தத் தாங்கியில் குடிக்க வேண்டும் என்பதை விமானி கையால் திருப்பித்தான் தெரிவுசெய்வார். தெரிவுசெய்த தாங்கி வற்றினால், மற்றத் தாங்கிகள் நிறைந்திருந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். உயரப் போகப்போகக் காற்று மெலியும். அதற்கேற்ப எரிபொருளையும் குறைக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் எஞ்சின் கொதிக்கும். ஒரு எஞ்சின் செத்தால் அதற்குப் போகும் எரிபொருளை அடைத்து, விசிறி காற்றை மறிக்காதபடி அதன் இதழ்களைத் திருப்பிவிட்டு, மற்றதோடு கரைசேர வேண்டும். இந்த ஒழுங்கெல்லாம் அச்சடித்த பட்டியலாக விமானியின் கையில் இருந்தது.

இனி உடுப்பிட்டிக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்த கொஞ்சமும் யானை விலை. மண்ணெண்ணெய் ஓரளவு கிடைத்தது. ஆனால் அது குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. அழுத்தம் கூடிய எஞ்சினில் 'டக் டக்' என்று இடிக்கும். அதனால்தான் அழுத்தம் குறைந்த பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மறுபடி ரோட்டுக்கு வந்தன. துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்த முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்தநாள் தள்ளத்தான் வேணும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் எஞ்சின் தேய்ந்துபோகும்.

யோசித்துப் பாருங்கள். தாங்கியை நேரத்துக்கு மாற்று, சூட்டைக் கவனி, எஞ்சின் சத்தத்தைக் கேள். டக்கோட்டா விமானி செய்த அதே வேலைதான்.

இதை "எங்கட ஆக்களின்ர மூளை" என்று சொல்லி நாங்கள் முடித்துவிடுகிறோம். ஆனால் பிரித்தானியாவின் பண்ணை உழவு இயந்திரங்கள் பலவும் 1940களில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில்தான் ஓடின. வித்தியாசம் என்னவென்றால், அவை அதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, கையேட்டோடு வந்தவை. எங்கட கார்கள் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே கையேடு மெக்கானிக்மாரின் காதும் கையும்தான். பெருமைப்படலாம். ஆனால் அது விரும்பிச் செய்த பரிசோதனை இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேற வழியில்லாமல் செய்தது.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த ஏ.ரி.ஆர். விமானத்துக்கும் இரண்டு எஞ்சின்தான், ஆனால் பிஸ்ரன் இல்லை, சுழலி. அது எரிப்பது ஜெற் ஏ-1. அதுவும் சுத்திகரித்த ஒருவகை மண்ணெண்ணெய்தான்.

அந்த விமானத்துக்குக் கையேடு இருக்கிறது. எங்கட ஊர்க் கார்களுக்கு இல்லை. அதை ஓட்டினவர்களும் திருத்தினவர்களும் இன்னும் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு கொப்பியோடு போய்ப் பக்கத்தில் இருப்போம், வாருங்கள்.