இடம் மாறாத மாற்றம்

தொடக்கக் காலக் கணினி மொழிகள் சிலவற்றில் பட்டியல் என்பது அளவு மாறாததாகவே இருந்தது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் எத்தனை இடங்கள் தேவை என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். ஓரிடத்தில் புதியதை எழுதினால், அங்கிருந்த பழையது சுவடின்றி மறையும்.

1996-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா என்னும் பொருள்நோக்கு மொழியின் முதற்பதிப்பில், தேவைக்கேற்ப வளரும் ‘வெக்டர்’ என்னும் பட்டியல் அமைந்தது. அதன் ‘செட்எலிமென்ட்அட்’ முறை புதிய உறுப்பை முதலிலும் இட எண்ணைப் பின்னரும் கேட்டது. நீங்கிய உறுப்பைத் திருப்பித் தரவில்லை. புதியதை இட்டபின் பழையதைத் தேடுவோர்க்கு வழியில்லை. அதனை முன்கூட்டியே எடுத்து வைத்தல் வேண்டும்.

1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பு இக்குறையைக் களைந்தது. ஜோஷுவா பிளாக் வடிவமைத்த தொகுப்புக் கட்டமைப்பில் ‘அரேலிஸ்ட்’ தோன்றியது. அதன் ‘செட்’ முறை இட எண்ணை முதலில் கேட்டது. நீங்கும் உறுப்பைக் கேட்டவரிடமே ஒப்படைத்தது. பட்டியலின் நீளம் மாறுவதில்லை. இல்லாத இடத்தைச் சுட்டினால் பிழை எழும்.

பழைய வெக்டரும் கைவிடப்படவில்லை. அது தன் பழைய முறையோடு புதிய ‘செட்’ முறையையும் பெற்றது. அதனால் முன்னர் எழுதிய நிரல்களும் பழுதின்றி இயங்கின. புதியதை ஏற்கும்போது பழையதை மதிப்போடு விடுப்பதே சிறந்த மாற்றம் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.