சுமந்த முதுகும் வளைந்த முதுகும்

நம் நாட்டு இந்தியரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலைப் பற்றி எழுதினர். கங்காணியைப் பற்றி எழுதினர். ரப்பர் விலையின் ஏற்ற இறக்கங்களையும் தொழிற்சங்கங்களின் தோற்றத்தையும் எழுதினர். ஆயின், அவ்வரலாறு முழுவதையும் தாங்கி நின்ற ஓர் உறுப்பைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அவ்வுறுப்பு தொழிலாளியின் முதுகு. தோட்டங்கள் பல மறைந்துவிட்ட இந்நாளிலும் முதுகுவலியைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணங்கள் தோட்டத்தில் உருவானவையே. அவற்றுள் கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதைப் பேராக் மாநில வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராக்கில் இரண்டு தொடக்கங்கள்

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பெற்ற ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கில் ஆங்கிலேய ஆலோசகராக இருந்தவர் ஹியூ லோ. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1897இல், அதே பேராக்கின் தைப்பிங் மருத்துவமனையில் இந்நாட்டின் முதல் எக்ஸ்ரே கருவி பயன்பாட்டிற்கு வந்தது. ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்கன் அக்கதிரைக் கண்டறிந்தது 1895ஆம் ஆண்டின் இறுதியில்தான் என்பதை எண்ணிப் பார்க்க, அது எத்துணை விரைவாக இம்மாநிலத்தை வந்தடைந்தது என்பது புலனாகும்.

முதுகை வளைக்கும் தொழிலும், முதுகெலும்பைக் காட்டும் கருவியும் ஒரே மாநிலத்தில் காலூன்றின. ஆனால் தொழில் லயத்து வாசல்வரை வந்தது. கருவியோ நகரத்து மருத்துவமனையோடு நின்றது. இவ்விரண்டிற்கும் இடையே கிடந்த தொலைவில் பல தலைமுறைகளின் வலி பதிவின்றிப் போயிற்று.

காண்டா சுமந்த தோள்கள்

பால்மரம் வெட்டும் தொழிலை நேரில் கண்டிராத மாணாக்கர் இன்று பலர். ஆகவே அதனைச் சிறிது விளக்குதல் பொருந்தும். விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்கு வடியும். அதனால் பெரட்டுக்கு இருட்டிலேயே செல்லவேண்டும். ஒருவர்க்கு ஒதுக்கப்படும் நிரையில் ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள் இருக்கும். இளமரத்தில் வெட்டு இடுப்புக்கு மேலே தொடங்கும். நாள்தோறும் சிறிது பட்டை சீவப்படுவதால் வெட்டுக்கோடு ஆண்டுதோறும் கீழ்நோக்கி இறங்கும். கோடு இறங்க இறங்க வெட்டுபவரின் முதுகும் இறங்கவேண்டும். முதிர்ந்த மரங்களிலோ தலைக்கு மேலே வெட்டு நிகழும். அப்போது கழுத்தும் தோளும் நோகும்.

வெட்டுவதற்கு ஒருமுறை, மங்கிலிருந்து பாலை ஊற்றுவதற்கு ஒருமுறை என ஒரு மரத்திற்கு இருமுறை குனிந்தாலும், ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் முறை குனிந்து நிமிர்தல் நேரும். அதன்பின் காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, ஒரு தோளில் ஏற்றி, மேடும் பள்ளமுமான வழியில் நடந்து ஸ்டோர் சேரவேண்டும். ஒரு வாளிக்குப் பதினைந்து லிட்டர் என்று கொண்டாலும் சுமை முப்பது கிலோவை எட்டும். கருவுற்ற பெண்களும் இச்சுமையைத் தூக்கினர். பள்ளி செல்லவேண்டிய வயதில் பெற்றோருக்கு உதவச் சென்ற சிறுவர்களும் தூக்கினர்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அரித்த சீனப் பெண்களின் நிலையும் இதுவே. இடுப்பளவு நீரில் குனிந்து நின்று டூலாங் தட்டைச் சுழற்றிய அவர்களின் முதுகும் வரலாற்றில் இடம்பெறவில்லை. பத்து காஜாவுக்கு அருகில் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை, அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தபின் முற்றுப்பெறாமலே நிற்கிறது. நம்மவர் பலர் அங்குச் சென்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அச்செங்கற்களைச் சுமந்தோருள் தமிழரும் இருந்தனர் என்பதை அருகிலுள்ள மாரியம்மன் கோயிலே நினைவூட்டுகின்றது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தோட்டங்களில் மருத்துவ வசதியையும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் பள்ளியையும் வேண்டியது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. ஆனால் அந்நாளைய தோட்ட மருத்துவமனையின் கவனமெல்லாம் மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றின்மேல் இருந்தது. உயிரைக் கொல்லும் நோய்களுக்கு முதலிடம் தந்ததில் தவறில்லை. எனினும் உயிரைக் கொல்லாமல் உழைப்பை மட்டும் கொல்லும் முதுகுவலிக்குத் தைலமும் ஒருநாள் ஓய்வுமே மருந்தாயின. பின்னாளில் 1952இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சொக்சோ 1971இல் செயற்படத் தொடங்கியது. ஒருநாளில் நேர்ந்த விபத்தை மெய்ப்பித்தல் எளிது. முப்பது ஆண்டுகளில் தேய்ந்த முதுகை மெய்ப்பித்தல் எளிதன்று.

கூனியும் கூன் பாண்டியனும்

நம் இலக்கியம் வளைந்த முதுகை எவ்வாறு நோக்கியது என்பதையும் தமிழாசிரியர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலித்தொகையில் கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளிப் பேசும் பாடல் ஒன்று உண்டு. கம்பராமாயணத்தில் மந்தரையின் முதுகு வளைவும் மனவளைவும் ஒன்றாகவே காட்டப்படுகின்றன. இளமையில் இராமன் அவள் கூன்மீது மண்ணுருண்டை எறிந்த செய்தியும் அங்குண்டு. மறுபுறம், நின்றசீர் நெடுமாறனாகிய கூன் பாண்டியனின் வரலாறு உள்ளது. ஞானசம்பந்தரின் பாட்டால் அவன் கூன் நிமிர்ந்தது என்று பெரியபுராணம் கூறும்.

இக்காப்பியங்களின் சுவையைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. ஆயினும் வளைந்த முதுகுடைய ஓர் இளம்பிள்ளைக்கு இவற்றிலிருந்து கிடைப்பவை இரண்டே. ஒன்று பழி, மற்றொன்று அற்புதம். முன்னதற்கு அஞ்சி வளைவை ஆடையால் மறைப்பதும், பின்னதை நம்பிப் பேரம்பேசும் வைத்தியர்பால் பணத்தை இழப்பதும் இன்றும் நிகழ்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அது அறிவின் வழி.

மருத்துவம் கண்ட வழி

முதுகின் வளைவுகள் எல்லாம் ஒன்றல்ல. முன்னோக்கி வளைவது கூன். பின்னிருந்து நோக்குங்கால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தும் முறுகியும் இருப்பது பக்கவளைவு; இதனை மருத்துவர் ஸ்கோலியோசிஸ் என்பர். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் மரபினர் நோயாளியைப் பலகையில் கட்டி இழுத்து நிமிர்த்த முயன்றனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே இரும்புக் கவசம் அணிவித்தார். 1865இல் இலண்டனில் வில்லியம் ஆடம்ஸ், நோயாளியை முன்னோக்கிக் குனியச் செய்தால் முறுக்கத்தால் விலாவின் ஒருபக்கம் மேடாகத் தெரியும் என்பதை விளக்கினார்.

1948ஆம் ஆண்டு நமக்கு நன்கு நினைவிலுள்ள ஆண்டு. அவ்வாண்டு சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் சுடப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர் ஜான் காப், எக்ஸ்ரே படத்தில் வளைவின் கோணத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அம்முறையே வழங்குகின்றது. கோணம் 10 பாகையையோ அதற்கு மேலோ எட்டினால் பக்கவளைவு எனப்படும். 1962இல் பால் ஹாரிங்டன் உலோகக் கம்பியால் முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவைமுறையை விளக்கி எழுதினார்.

பத்து முதல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் இவ்வளைவு காணப்படுகின்றது. பெரிதாக வளரும் வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே மிகுதி. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்னும் அறுதியிட்டுக் கூறவில்லை. பரம்பரைக்கு ஒரு பங்குண்டு என்பது மட்டும் தெளிவு. இங்கேதான் தோட்டத்து நம்பிக்கை ஒன்றைத் திருத்தவேண்டியுள்ளது. ஒரு தோளில் காண்டா சுமந்ததால் முதுகெலும்பு பக்கம் வளைந்தது என்று பெரியோர் கூறுவர். இன்று பெற்றோர் புத்தகப்பையைக் காரணம் காட்டுவர். சுமை வலியைத் தரும். தசையையும் இடைவட்டுகளையும் வருத்தும். ஆனால் இவ்வகைப் பக்கவளைவைச் சுமை உண்டாக்குவதாகச் சான்றில்லை. எனவே வளைவுடைய பிள்ளையை ‘நேராக உட்காராததால் வந்தது’ என்று ஏசுவது அறியாமையாகும்.

இளமையில் வரும் வலி

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி இருபது வயதில் ஈப்போவில் ஒரு கடையில் நாள்முழுதும் நின்று பணியாற்றினாள். வலி தாங்காமல் வீட்டில் கூறியபோது, அவள் பாட்டி, “நானும்தான் காண்டா தூக்கினேன். எனக்கும்தான் வலித்தது. யாரிடமாவது சொன்னேனா?” என்றாராம். அச்சொல்லில் கொடுமையில்லை, ஒரு தலைமுறையின் பயிற்சி இருந்தது. வலியைச் சொன்னால் அரைநாள் கூலி போகும் என்ற காலத்தில் மௌனமே பாதுகாப்பு. அக்காலம் போனபின்னும் மௌனம் மட்டும் மரபாகத் தொடர்கின்றது. ஈராண்டு கழித்தே அவள் மருத்துவரை நாடினாள். படத்தில் 22 பாகை வளைவு தெரிந்தது. வளர்ச்சி முடிந்துவிட்டதால் அவ்வளவு பெருகும் வாய்ப்புக் குறைவு என்றும், வலிக்குத் தசையின் வலுக்குறைவும் நெடுநேர நிற்றலுமே பெரும்பங்கு என்றும் அவர் விளக்கினார். இன்று அவள் இயன்முறைப் பயிற்சியை விடாது செய்கிறாள்; மணிக்கொருமுறை சிறிது நடக்கிறாள்; அதே பணியில் இருக்கிறாள். வலி முற்றும் நீங்கவில்லை. அச்சம் நீங்கிற்று.

இது தனியொருத்தியின் பேறு அன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார், இளமையில் தோன்றிய பக்கவளைவுக்குச் சிகிச்சை பெறாதவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். நாட்பட்ட முதுகுவலி அவர்களில் 61 விழுக்காட்டினர்க்கும், வளைவில்லாத ஒப்பீட்டுக் குழுவில் 35 விழுக்காட்டினர்க்கும் இருந்தது. வலி கூடுதல் என்பது உண்மை. எனினும் அவர்களுள் பெரும்பாலோர் உழைத்தும் குடும்பம் நடத்தியும் வாழ்ந்தனர். வளைவில்லாதவர் மூவரில் ஒருவர்க்கும் வலி இருந்தது என்பதும் கருதத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர். ஆகவே வலி வந்தவுடன் வளைவென்று நடுங்குவதும் வேண்டா. வளைவு தெரிந்தவுடன் வாழ்வு முடிந்ததென்று கலங்குவதும் வேண்டா.

பெரும்பாலான முதுகுவலிக்கு நாட்கணக்கில் படுத்துக்கிடத்தல் மருந்தாகாது. இயன்றவரை இயங்குதலே நன்று. ஆயின் சில அறிகுறிகளைப் பொறுத்தல் கூடாது. கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். காசநோய் முதுகெலும்பையும் அரிக்கும் என்பதை நம்மவர் பலர் அறியார். அத்தகைய முதுகை உருவிவிடுதலும் மிதித்து நிமிர்த்துதலும் பெருந்தீங்காய் முடியும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

வளரும் பருவத்தில் கண்டறியப்பட்ட வளைவுக்குக் கவசம் பயன்படும். 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், கவசம் அணிந்தோரில் 72 விழுக்காட்டினர்க்கு வளைவு அறுவை வேண்டும் அளவினை எட்டவில்லை; அணியாதோரில் அவ்வாறு தப்பியோர் 48 விழுக்காட்டினரே. வளர்ச்சி நின்றபின் இவ்வாய்ப்பு இல்லை. ஆகவே காலம் என்பது இங்கு மருந்தின் ஒரு பகுதி.

அக்காலத்தில் பிள்ளையை நாள்தோறும் காண்பவர் நாமே. ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோள்பட்டை எலும்பு புடைத்திருத்தல், இடையின் இருபுறமும் ஒத்திராமை ஆகியவற்றை உடற்கல்வி வேளையில் காணலாம். தளர்ந்த சீருடை இவற்றை மறைக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஐயம் எழின் வகுப்பறையில் அதனைக் கூறுதல் கூடாது. பெண்பிள்ளையாயின் ஆசிரியை ஒருவர், தாயையும் அழைத்து, தனியே பேசுதல் முறை. நோயென்று தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. மருத்துவரிடம் செல்லும் வழியைக் காட்டுவதே நம் பணி. மந்தரையைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர், அவ்வகுப்பில் வளைந்த முதுகுடைய பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறவாதிருத்தல் நலம்.

நம் முன்னோர் முதுகுவலியைச் சொல்லாமல் சுமந்தனர். அவர்தம் உழைப்பை நாம் போற்றுகிறோம். அம்மௌனத்தையும் சேர்த்துப் போற்றவேண்டுவதில்லை. தோட்டத்துப் பள்ளிகள் நகரை நோக்கி இடம்பெயர்ந்த இக்காலத்தில், மருத்துவமனை நமக்குத் தொலைவிலில்லை. ‘வலிக்கிறது ஐயா’ என்று ஒரு பிள்ளை கூறும்போது அதனைச் செவிமடுப்பதே, காண்டா சுமந்த அத்தோள்களுக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.