முதியோர் மையத்துக்கு நண்பர்கள் வந்த கதை

1940-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகர நலத்துறை ஊழியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். உதவித்தொகை பெற்றுவந்த முதியவர்களில் சிலர் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சந்தேகம், ஒரு படிவம், ஒரு முறையீடு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். வந்த வேலை முடிந்த பிறகும் கிளம்ப மனம் வராது. பணத்தைவிடப் பேச்சுத் துணைதான் இவர்களுக்கு அவசரத் தேவை என்பது ஊழியர்களுக்கு மெல்லப் புரிந்தது.

அப்படித்தான் 1943-இல் பிராங்ஸ் பகுதியில் முதியவர்கள் பகல்பொழுதில் கூடுவதற்கென்று ஓர் இடம் திறக்கப்பட்டது. அதற்கு வில்லியம் ஹாட்சன் சமூக மையம் என்று பெயர் வைத்தார்கள். ஹாட்சன் நகரத்தின் நலத்துறை ஆணையராக இருந்தவர். போர்க்கால நிவாரணப் பணிக்காக வட ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டவர், அதே ஆண்டு ஜனவரியில் விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்காவின் முதல் முதியோர் மையம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

முதியோர் இல்லம் வேறு, இது வேறு. இங்கே யாரும் தங்குவதில்லை. காலையில் வருவார்கள். உடற்பயிற்சி செய்வார்கள், சீட்டாடுவார்கள், பாடுவார்கள், மதிய உணவைச் சேர்ந்து சாப்பிடுவார்கள், பிறகு அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

நியூயார்க்கில் அரசு அலுவலகம் கண்ட தேவையை, நாட்டின் மறுகோடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்டார்கள். கலிபோர்னியாவின் மென்லோ பார்க் பகுதியில் 1947-இல் சில பெண்கள் கூடி 'பெனின்சுலா வாலண்டியர்ஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1949-இல், 'லிட்டில் ஹவுஸ்' என்ற முதியோர் மையத்தைத் திறந்தார்கள். புறநகர்ப் பகுதியில் அமைந்த முதல் மையம் என்ற பெயர் அதற்கு உண்டு. அந்த அமைப்பு அதோடு நிற்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தது. நினைவு மங்கியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள 'ரோசனர் ஹவுஸ்' என்று தனியிடம் அமைத்தது. அடுத்த தெருவில் யார் தனியாக இருக்கிறார் என்பதை அறிந்தவர்கள் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பெண்கள் சாட்சி.

மத்திய அரசு பிறகுதான் வந்தது. 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் முதிய அமெரிக்கர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1972-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 60 வயது கடந்தவர்கள் சேர்ந்து உண்ணும் உணவுத் திட்டம் வந்தது. இதில் யாரிடமும் வருமானச் சான்று கேட்கக் கூடாது. விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கலாம். கொடுக்க முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஊர் ஊராக மையங்கள் எழுந்தன. பலவற்றை நகராட்சியே நடத்தியது.

அடுத்து நிதி இறுக்கம் வந்தது. கலிபோர்னியாவில் 1978-இலும் மாசசூசெட்ஸில் 1980-இலும் மக்கள் வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். உள்ளாட்சியின் வரி வருமானத்தில் பெரும்பங்கு சொத்து வரிதான். பள்ளி, காவல், தீயணைப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில்தான் முதியோர் மையத்துக்குப் பங்கு. இயக்குநரின் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் யோகாவைக் கற்றுக்கொடுப்பவருக்கோ, பாட்டுக் கச்சேரிக்கோ, பழுதான வேனுக்கோ கிடைக்காது. மனிதர்களை மையத்துக்கு வரவழைப்பவை இவைதான்.

இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவைதான் 'முதியோர் மையத்தின் நண்பர்கள்' என்ற குழுக்கள். நூலகங்களுக்கு அப்படிப்பட்ட நண்பர்கள் குழுக்கள் முன்பே இருந்தன. அதே வழியில், மையத்துக்கு வந்துபோகும் முதியவர்கள் சிலரும் ஊர்க்காரர்கள் சிலரும் கூடி, சம்பளம் இல்லாத நிர்வாகக் குழு ஒன்றை அமைத்து, வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்வார்கள். இதில் வசதிகள் உண்டு. கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும். பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு மட்டுமே நிதி கொடுக்கும் அறக்கட்டளைகளின் கதவையும் தட்டலாம். சேர்ந்த பணம் நகராட்சியின் பொதுக்கணக்கில் கலந்துபோகாது.

பணம் சேரும் வழிகள் எளியவை: ஆண்டுச் சந்தா, வருடக் கடைசியில் வீடுகளுக்குப் போகும் வேண்டுகோள் கடிதம், பழைய பொருள் கடை, கிறிஸ்துமஸ் காலத்துக் கைவினைச் சந்தை, இறந்தவர் நினைவாகக் குடும்பத்தார் தரும் தொகை. செலவாகும் முறையும் எளியது. மைய இயக்குநர் தேவைப் பட்டியலைக் கொடுப்பார், நிர்வாகக் குழு விவாதித்து வாக்களிக்கும். செய்திமடலின் தபால் செலவு, ஓவிய வகுப்புக்கு வண்ணங்கள், கட்டணம் கட்ட இயலாதவருக்கு உதவித்தொகை, சில ஊர்களில் புதிய கட்டடத்துக்கான நிதி என்று பட்டியல் நீளும். இந்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கணக்கு காட்ட வேண்டும். அந்தக் கணக்கை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பதும் சட்டம்.

நம் ஊர்க் கோயிலில் நித்திய பூஜையை நிர்வாகம் நடத்தும். திருவிழா நாட்களின் மண்டகப்படியை உபயதாரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பூஜைக்கு நிர்வாகம் வேண்டும். ஆனால் ஊரைத் தேருக்கு இழுத்துவருபவர்கள் உபயதாரர்கள். நண்பர்கள் குழு செய்வதும் இதைத்தான்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். வசதியுள்ள ஊரின் நண்பர்கள் குழுவுக்கு எளிதாகப் பணம் சேரும். ஏழை ஊரில் சேராது. தனிமைக்கோ அந்தப் பாகுபாடு தெரியாது. நண்பர்கள் இருக்கிறார்களே என்று நகராட்சி தன் ஒதுக்கீட்டைக் குறைத்தால், அது அந்தத் தொண்டர்களுக்குச் செய்யும் துரோகம். கட்டடமும் ஊழியரும் உணவும் அரசின் கடமை. அதற்கு மேலே சேர்வதுதான் நண்பர்களின் கொடை.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வந்து தங்கும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளில்லாமல், ஜன்னல் ஓரத்தில் அவர்கள் கழிக்கும் பகல் மிக நீளம். அன்று நியூயார்க் நலத்துறை ஊழியர்கள் கண்ட அதே தனிமைதான் இது. உங்கள் ஊரிலும் ஒரு மையம் இருக்கக்கூடும். அம்மாவையும் அப்பாவையும் ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள். மொழியால் தயக்கம் இருந்தால் முதல் சில நாட்கள் கூடவே உட்காருங்கள். பிறகு அந்த மையத்துக்கு நண்பர்கள் குழு உண்டா என்று கேட்டு, சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். ஒரு பொங்கல் விழாவை உங்கள் பொறுப்பில் எடுத்து நடத்துங்கள். நம் பெற்றோருக்கு அந்த ஊர் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அதைத் திறந்தே வைத்திருப்பதில் நமக்கும் பங்கு உண்டு.