விருந்துணவு வீட்டடுப்பிற்கு வந்த கதை

1944ஆம் ஆண்டிலே தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு மாறியபொழுது, அமெரிக்க உளவுத் திணைக்களத்தின் பிரிவொன்றும் அங்கு வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டமொன்றில் அமைந்த அவ்வலுவலகத்தில் இரகசியக் கடிதங்களைப் பதிந்து பேணும் பொறுப்பை ஏற்றிருந்தவர் ஜூலியா மக்வில்லியம்ஸ் என்னும் கலிபோர்னியப் பெண். சமைப்பதற்கு ஆள் வைத்திருந்த செல்வர் வீட்டில் வளர்ந்தவர், அடுப்புவேலை அறியாதவர். வரைபடப் பகுதியிற் பணியாற்றிய போல் சைல்ட் என்பவரோ, இளமையிற் பாரிஸில் வாழ்ந்து நல்லுணவின் சுவை கண்டவர். கண்டியில் அரும்பிய நட்பு 1946இல் திருமணமாக முடிந்தது.

1948இல் போலுக்குப் பாரிஸில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. கப்பலை விட்டிறங்கித் தலைநகருக்குச் செல்லும் வழியில், றூவன் நகரத்து உணவுச்சாலை ஒன்றிலே உண்ட, வெண்ணெயிற் பொரித்த மீன் ஜூலியாவின் வாழ்க்கையைத் திசை திருப்பிற்று. மறு ஆண்டு, 37ஆம் வயதில், கோர்டொன் புளூ சமையற் கல்லூரியிற் சேர்ந்தார். உடன் பயின்றோர் போர்ப்பணியினின்றும் மீண்ட அமெரிக்க வீரர்கள்!

பிரெஞ்சுச் சமையல் அந்நாளில் இருசாராரிடம் இருந்தது. ஒருசாரார் பெரிய ஹோட்டல்களின் சமையல் வல்லுநர். 1903இல் எஸ்கொபியே வெளியிட்ட பெருநூல் அவர்களுக்கானது. தொழில் கற்றவனுக்கு நினைவூட்டும் சுருக்கக் குறிப்புகளே அதில் மிகுதி. மறுசாரார், தாயிடம் பார்த்துப் பழகிய வீட்டுப் பெண்கள். அவர்களைக் கேட்டால் 'பதம் வரும்வரை' என்பர். பதம் யாது என்பதன்றோ கேள்வி? யாழ்ப்பாணத்து அடுக்களையில் ஒடியற்கூழுக்கு அளவு கேட்பவருக்கும் இவ்விடையே கிடைக்கும்.

சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தொல் என்னும் பிரெஞ்சுப் பெண்மணிகள் இருவர் அமெரிக்க இல்லத்தரசிகளுக்காக ஒரு சமையல் நூல் எழுத முயன்றுகொண்டிருந்தனர். ஜூலியா அவர்களோடு சேர்ந்தார். வேலையாள் இல்லாத வீட்டில், தானே சமைத்துத் தானே விருந்தினரை உபசரிக்கும் பெண்ணே அவர்கள் மனத்திற் கொண்ட வாசகி. அவளுக்காக உணவின் தரத்தைக் குறைக்க அவர்கள் இசையவில்லை. தகரத்திலடைத்த சூப்பை ஊற்றி முடித்துவிடும் குறுக்குவழி அமெரிக்காவில் ஏற்கெனவே மலிந்திருந்தது. செய்முறையை விரித்துரைப்பதே அவர்கள் கண்ட எளிமை.

வைனில் வேகவைக்கும் பூர்கோஞ் இறைச்சிக் குழம்பை எடுத்துக்கொள்வோம். இறைச்சித் துண்டுகளை ஈரம் போகத் துடைத்த பின்னரே கொழுப்பிலிடவேண்டும்; ஈரமிருந்தால் ஆவி எழுமேயன்றித் துண்டு சிவக்காது. ஒரேமுறையில் அனைத்தையும் நெருக்கியிட்டாலும் அதுவே நேரும். வல்லுநர் கையால் அறிந்திருந்த இக்காரணத்தை நூல் சொல்லாற் சொல்லிற்று. தேவையான பொருள்கள் பக்கத்தின் இடப்புறத்திலும், அவற்றைக் கொண்டு செய்யவேண்டுவன வலப்புறத்திலுமாக, படிப்படியே அமைந்தன. இக்குழம்பை முதல்நாளே ஆக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு, சிறிதெனினும் பெரும் உபகாரமானது. விருந்து நடக்கும் வேளையில் வீட்டுக்காரியும் மேசையில் அமர்ந்து உண்ண வழி பிறந்ததல்லவா?

ஆனால் விரித்தெழுதினால் நூல் பருக்கும். 1958இல் அவர்கள் அனுப்பிய கையெழுத்துப் பிரதி சூப்பையும் கோழி முதலியவற்றையும் மட்டுமே சொல்லி முடிப்பதற்குள் எழுநூறு பக்கங்களைத் தாண்டியிருந்தது. ஒப்பந்தஞ் செய்திருந்த பதிப்பகம் அதனை ஏற்க மறுத்தது. திருத்தியமைத்து அனுப்பியபோதும் மறுப்பே கிடைத்தது. பல்லாண்டு உழைப்பு பெட்டிக்குட் கிடந்து மடிய வேண்டியதாயிருந்தது. நியூயோர்க்கில் நொப் பதிப்பகத்து இளம் ஆசிரியை யூடித் ஜோன்ஸ் அப்பிரதியைத் தம் வீட்டில் சமைத்தே சோதித்தறிந்தார். 1961 அக்டோபரில் நூல் வெளிவந்தது.

1963இல் ஜூலியா பொஸ்டன் தொலைக்காட்சியில் தோன்றினார். முதல் நிகழ்ச்சியில் ஆக்கிக் காட்டியது அந்தப் பூர்கோஞ் குழம்பையே. ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்புகையில் ஒரு பகுதி அடுப்பின்மேல் விழ, அதைப் பொறுக்கிச் சட்டியிற் சேர்த்து, சமையலறையில் தனியே இருக்கும்போது யார் காணப்போகிறார்கள் என்று சமாதானமுஞ் சொன்னார். பார்த்திருந்த பெண்களின் அச்சம் பாதியாவது அன்று நீங்கியிருக்கும்.

இரண்டாம் தொகுதி 1970இல் வந்தது. அதற்கெனப் பிரெஞ்சுப் பாண் சுடும் முறையை ஆராய்கையில், கணவனும் மனைவியுமாக ஏறக்குறைய 284 இறாத்தல் மாவைச் செலவிட்டனர். பிரான்சில் வீட்டிற் பாண் சுடுவோர் அந்நாளில் அரியர். தெருமுனையிற் பேக்கரி இருக்கிறது. அமெரிக்கப் பெண்ணுக்கு அந்தப் பேக்கரி கிடையாது. ஆகவே, பேக்கரிப் போறணையின் ஆவியைச் சாதாரண வீட்டு அடுப்பில் எழுப்பும் பொருட்டு, பழுக்கக் காய்ச்சிய செங்கல்லை நீருள்ள தட்டில் இடும்படி அவர்கள் எழுதிவைத்தனர்.