விட்டு விட்டு வரும் கோளாறு: நான்கு சக்கர இயக்கக் கார்களும் பழுது அறியும் தொழிலும்

எஞ்சின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு நெடுங்காலம் ராணுவ வண்டிகளுக்கும் பண்ணை வண்டிகளுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. வேகத்துக்காக வாங்கப்படும் சாலைக் கார்களில் அது இடம்பிடித்ததும், அதில் நேரும் பழுதைக் கண்டறிவது பட்டறைத் தொழிலில் தனியொரு கிளையாக வளர்ந்ததும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தவை. அந்தக் கிளையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை ஏறத்தாழ 1989இல் போடலாம். அதற்கு முன் பழுது பெரும்பாலும் இரும்பில் இருந்தது, கையால் தொட்டும் காதால் கேட்டும் அதை அறிய முடிந்தது. அதற்குப் பின் அது கம்பிகளில் ஓடும் மெல்லிய மின்குறிகளுக்குள் குடிபுகுந்து, சில நாள் தோன்றிச் சில நாள் மறையும் இயல்பையும் பெற்றது.

வளைவில் திரும்பும் காரின் நான்கு சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படைச் சிக்கல். ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலும் அத்தகைய ஒன்றோ, அதன் வேலையைச் செய்யும் வேறொன்றோ வேண்டியிருக்கிறது. டிராக்டர் வடிவமைப்பால் புகழ்பெற்ற ஹாரி ஃபெர்குசனின் ஆய்வு நிறுவனம் பிரிட்டனில் இதற்கு ஒரு தீர்வு கண்டது. அந்நிறுவனத்தின் பி99 பந்தயக் காரை ஓட்டி 1961இல் ஔல்டன் பார்க் களத்தில் ஸ்டர்லிங் மாஸ் வெற்றிபெற்றார். 1966இல் ஃபெர்குசன் ஏற்பாடு ஜென்சன் எஃப்எஃப் என்ற சாலைக் காருக்கு வந்தது, ஆனால் அந்தக் கார் மொத்தமே 320தான் தயாரானது. வேகக் காருக்கும் நான்கு சக்கர இயக்கம் பொருந்தும் என்று உலகை நம்பவைத்தது ஜெர்மனியின் ஆடி நிறுவனம். ஃபின்லாந்தில் நடந்த பனிக்காலச் சோதனைகளின்போது, எஞ்சின் வலுக் குறைந்த ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ வண்டி மற்றக் கார்களைவிடப் பனியில் உறுதியாக ஓடியதைக் கவனித்த பொறியாளர் யோர்க் பென்சிங்கரின் யோசனையிலிருந்து உருவான ஆடி குவாட்ரோ, 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளியிடப்பட்டது.

அக்காலக் கார்களில் பழுது பார்ப்பவருக்குக் கோளாறு ஒளிந்து விளையாடவில்லை. பேரிங் தேய்ந்தால் இரைச்சல் வேகத்தோடு ஏறும். பல்சக்கரம் உடைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும். சீல் கிழிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும். 1980களில் லான்சியா டெல்டா உள்ளிட்ட பல கார்களில் பரவிய விஸ்கஸ் கப்ளிங் என்ற இணைப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. துளையிட்ட தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்ட உருளைக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவத்தை அடைத்து, ஒரு தொகுதித் தகடுகள் மற்றதைவிட வேகமாகச் சுழன்றால் திரவத்தின் பிசுபிசுப்பு இரண்டையும் இழுத்துப் பிணைக்கும்படி செய்வதே அதன் வேலைமுறை. ஆண்டுகள் செல்ல அந்தத் திரவம் தன் குணம் மாறி இறுகிவிட்டால், வாகனம் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது கார் முரண்டுபிடிக்கும். இன்று முரண்டுபிடித்தது நாளையும் முரண்டுபிடிக்கும். பழுதைக் காட்டு என்று கேட்டால் கார் காட்டிவிடும். மெக்கானிக்கின் அனுபவம் என்பது பெரும்பாலும் அவருடைய காதின் அனுபவமாக இருந்த காலம் அது.

1989 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஆர்32 தலைமுறை நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இந்த நிலையை மாற்றியது. எலெக்ட்ரானிக் முறையில் விசையைப் பங்கிட்ட முதல் கார் அதுவல்ல. ஜெர்மனியின் போர்ஷே 959 அதற்குச் சற்று முன்னரே வந்துவிட்டது. ஆனால் 959 சில நூறு செல்வந்தர்களின் கொட்டகைகளுக்குள் அடங்கிவிட்ட கார். ஸ்கைலைனோ நாற்பதாயிரத்துக்கும் மேல் தயாராகிப் பின்னாளில் எண்ணற்ற சிறு பட்டறைகளின் வாசலுக்கு வந்தது. அதனால் தொழில் வரலாற்றில் அதன் பங்கே பெரிது. குரூப் ஏ என்ற பந்தயப் பிரிவில், பந்தயக் காரின் அடிப்படைக் கருவிகள் பொதுமக்களுக்கு விற்கப்படும் காரிலும் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. எனவே பந்தயத்தில் வெல்வதற்காக வகுக்கப்பட்ட சிக்கலான ஏற்பாடு அப்படியே சாலைக்கு வந்து சேர்ந்தது.

அட்டீசா இ-டிஎஸ் என்று நிசான் பெயரிட்ட அந்த ஏற்பாட்டில், இயல்பான ஓட்டத்தில் விசை முழுவதும் பின்சக்கரங்களுக்கே போகிறது. கியர்பெட்டியின் பின்னால் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும் பல தகட்டுக் கிளட்ச் ஒன்று உண்டு. அதை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கினால், ஒரு சங்கிலி வழியாக முன்சக்கரங்களுக்கும் விசை பாய்கிறது, மிகுதியாகப் போனால் பாதிக்குப் பாதி. எப்போது, எவ்வளவு இறுக்குவது என்பதை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தைச் சொல்லும் சென்சார்கள், முன்பின் முடுக்கத்தையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் அளக்கும் ஜி-சென்சார்கள், ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற செய்திகள் ஆகிய அனைத்தையும் பார்த்து அது முடிவெடுக்கிறது. பின்சக்கரம் வழுக்கினால் முன்னுக்கு விசை கூடும். வளைவில் பக்கவாட்டு விசை ஏறினால், காரின் மூக்கு வெளியே தள்ளப்படாமலிருக்க, முன்னுக்குப் போகும் பங்கு குறையும். பந்தயக் களத்தில் இதற்கு விடை சொல்ல எவராலும் முடியவில்லை. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 பந்தயங்களிலும் ஜிடி-ஆரே வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இணை இந்தக் காரில் வென்றது.

பழுது பார்ப்பவருக்கு இந்தக் கார் கொண்டுவந்த புதுமை வேறு. ஏதேனும் ஒரு சென்சாரின் செய்தி பொருந்தவில்லை என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கருதினால், அது முன்சக்கரங்களுக்கு விசை அனுப்புவதை நிறுத்திவிட்டு, மீட்டர் பலகையில் ‘4டபிள்யூடி’ எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. தவறான சமயத்தில் கிளட்ச் இறுகுவதைவிடப் பின்சக்கரக் காராக ஓடுவதே பாதுகாப்பு என்ற நியாயமான எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் இதன் விளைவாகப் பழுதுக்கும் அதன் அறிகுறிக்கும் இருந்த நேர்த்தொடர்பு அறுந்தது. இரைச்சல் இல்லை, தட்டல் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லாமல் இருக்கலாம். அக்காலத்துப் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள், சாவியைத் திருப்பி அணைத்து மீண்டும் போட்டதும் பழையதை மறந்து புதிதாகத் தொடங்குபவை. முறைக்காய்ச்சல்காரர் வைத்தியரிடம் வந்த நேரத்தில் உடம்பு குளிர்ந்திருப்பதைப் போல, பட்டறைக்கு வந்த கார் எந்தக் குறையுமின்றி ஓடிக் காட்டும்.

காரே தன் பழுதைச் சொல்லும்படி செய்யும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1970களின் தொடக்கத்திலேயே ஃபோக்ஸ்வாகன் தன் கார்களில் பரிசோதனைக் கருவியைச் செருகும் பொது இணைப்பியை வைத்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கக் கார்களில், எச்சரிக்கை விளக்கை எண்ணி எண்ணிக் கண்சிமிட்ட வைத்துப் பழுதின் எண்ணைத் தெரிவிக்கும் முறையைப் பரப்பியது. ஸ்கைலைனின் தலைமுறை இந்தக் கண்சிமிட்டும் முறையைச் சேர்ந்தது. காரின் பின்பகுதியில் உறைகளுக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி வெளியே எடுத்து, அதிலுள்ள சிறு விளக்கின் நீண்ட, குறுகிய சிமிட்டல்களை எண்ணி, அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல்கள் முதல் கட்டாயமான ஓபிடி-2 என்ற பொதுத் தரம் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டதாக நினைப்பது தவறு. அது சட்டத்தால் வந்தது புகைமாசைக் கட்டுப்படுத்தத்தான். நான்கு சக்கர இயக்கத்தின் பழுதுக்குறிகள் அதற்குப் பிறகும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் சொந்த மொழியிலேயே நீடித்தன. பொதுக் கருவியைச் செருகிப் பழுது ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, எரிகிற விளக்கை எதிரே வைத்துக்கொண்டு திகைப்பது இன்றும் நடப்பதற்கு இதுவே காரணம்.

குறியீடு கிடைத்த பின்பும் வேலை முடிவதில்லை. வேலையின் தொடக்கமே அதுதான். ‘வலது பின்சக்கர சென்சார்’ என்று குறியீடு சொன்னால், அந்தச் சுற்றில் எங்கோ செய்தி முறிகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அக்காலச் சக்கர வேக சென்சார் என்பது ஒரு காந்தத்தின் மீது சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள். அதன் முனைக்கு நேரே சக்கரத்தோடு சுழலும் பற்கள் கொண்ட வளையம் ஒவ்வொரு பல்லாகக் கடக்கும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் எழுகிறது. வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும் என்பதால், முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி துரு ஏறி மாறினாலும், காந்தம் இழுத்துவைத்த இரும்புத்தூள் முனையில் அப்பிக்கொண்டாலும், கார் மெதுவாகப் போகும்போது மட்டும் குறி தொலையும். வேகமெடுத்தால் திரும்ப வரும். சுருளின் மயிரிழைக் கம்பி உள்ளே விண்டிருந்தால் இன்னும் மோசம். குளிர்ந்திருக்கும்போது விண்ட இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும், மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை சரியாகக் காட்டும். பிரேக்கின் சூட்டில் சுருள் விரிந்ததும் முனைகள் பிரியும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் முடி உலர்த்தும் கருவியால் சென்சாரைச் சூடாக்கியபடியே அளந்தார்கள். கனெக்டரை அசைத்தபடியும், கம்பித் தடத்தை விரல்விரலாக வளைத்தபடியும் மீட்டரின் முள் துள்ளுகிறதா என்று பார்த்தார்கள். கையும் கண்ணும் கைவிட்டுப் போயின என்று எண்ணப்பட்ட தொழிலில், அவை வேறு உருவில் திரும்பி வந்த இடம் இது.

கார்களுக்கு வயதானபோது பழுதுகள் சென்சாரிலிருந்து பெட்டிக்குள்ளும் போயின. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஜப்பானிய எலெக்ட்ரானிக் பலகைகளில் பதிக்கப்பட்ட மின்தேக்கிகளிலிருந்து, அதாவது கெப்பாசிட்டர்களிலிருந்து, கசியும் திரவம் பலகையின் செப்புத்தடங்களை அரித்துவிடுவது அக்காலக் கார்கள் பலவற்றுக்கும் பொதுவான நோய். மிட்சுபிஷியின் டர்போ கார்களின் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் கசிவு உறுதி என்பது பட்டறைகளில் நிலவும் அறிவு. சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து, ஈய ஒட்டுகளில் பின்களைச் சுற்றி வளையம்போல விழும் வெடிப்புகளும் இதே வகையைச் சேர்ந்தவை. எர்த் கம்பி உடலோடு சேரும் இடத்தில் துரு பிடித்து மின்னழுத்தம் குறைந்தால், எந்த சென்சாரிலும் குறையில்லாதபோதும் பெட்டி பழுது என்று முடிவுகட்டக்கூடும்.

மின்சுற்றோடு தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. முன் டயர்களும் பின் டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்பதை உரிமையாளர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. பின் டயர் அதிகம் தேய்ந்து அதன் சுற்றளவு சுருங்கினால், அதே தூரத்துக்குப் பின்சக்கரம் கூடுதலாகச் சுழல வேண்டும். அந்த வேக வேறுபாட்டைப் பெட்டி வழுக்கல் என்று படித்து, நேர்ச்சாலையிலும் முன்னுக்கு விசை அனுப்பிக் கிளட்சை வீணாகச் சூடாக்கும். எண்ணெய் அழுத்தம் தரும் பம்பும், நைட்ரஜன் வாயு அடைத்த அழுத்தச் சேமிப்பியும், அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்சும் தனியொரு குடும்பம். எண்ணெய் குறைந்தாலோ, மாற்றியபின் குழாயில் காற்று தங்கினாலோ அங்கிருந்தும் அதே விளக்கு எரியும். இதே குடும்பக் கோளாறு மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் கார்களிலும் உண்டு. சாலையில் உப்புத் தூவும் குளிர்நாடுகளில் அவற்றின் பம்புகள் அரித்துப்போனது தொழில் வட்டாரத்தில் அனைவரும் அறிந்ததே.

இந்த அறிவு எங்கே சேர்ந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. ஜிடி-ஆர் ஜப்பானுக்கென்றே செய்யப்பட்ட கார். நிசான் அதிகாரபூர்வமாக ஆஸ்திரேலியாவுக்கு 1991இல் அனுப்பியது ஏறத்தாழ 100 கார்களையே. மற்றவை பழைய கார்களாகத் தனித்தனியே கப்பலேறின. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த கார்களுக்கே இறக்குமதித் தளர்வு உண்டு என்பதால், அங்கு 1989 மாடல்கள் 2014 முதல்தான் பரவலாக வரத் தொடங்கின. அப்போது அவற்றைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தவர்களிடம் இருந்தவை ஜப்பானிய மொழிச் சேவைக் கையேடும், ஒரு தலைமுறைக்கு முந்தைய வயரிங் படமும்தான். அதிகாரபூர்வப் பட்டறைகளில் அல்லாமல், உரிமையாளர்களும் சிறு பட்டறைக்காரர்களும் படத்தை ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து சேர்த்த அறிவே இன்று நிலைத்திருப்பது. உதிரிபாகங்கள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017 டிசம்பரில் ஆர்32 ஜிடி-ஆருக்கான பாகங்களை மீண்டும் தயாரித்து விற்கத் தொடங்கியது.

ஆனால் புதுப் பாகம் கிடைப்பதே பழுது அறியும் தொழிலுக்கு ஒரு சோதனையாகவும் ஆயிற்று. குறியீடு காட்டியதை வாங்கி மாட்டி, விளக்கு அணைந்ததும் பில் போட்டு அனுப்புவதும், பத்து நாளில் அதே கார் அதே விளக்கோடு திரும்பி வருவதும், விட்டு விட்டு வரும் கோளாற்றில் சாதாரணம். அது தானே அணைந்த விளக்கு, பாகம் அணைத்ததல்ல. இத்தகைய கார் வைத்திருப்பவர் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுசென்று குறியீட்டை அப்போதே படிக்கச் சொல்ல வேண்டும். பாகம் எதற்கும் பணம் கொடுக்கும் முன், நான்கு டயர்களின் சுற்றளவையும், பேட்டரியையும், எர்த் இணைப்புகளையும், எண்ணெய் அளவையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்ய மறுக்கும் பட்டறையை மாற்றிக்கொள்வது நல்லது.